மூன்று நிமிடம் ஓடும் செயின்சா

எந்த இன்ஜினாக இருந்தாலும் அதன் சத்தத்தை மட்டும் கேட்டு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். நாற்பது வருடமாக இதைச் சொல்லி வருகிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை. (மறுக்கக்கூடியவர்கள் எல்லாரும் என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள்.) அந்த நாற்பது வருடத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். பள்ளிக்கூடமும் அழவில்லை. இன்று கிள்ளானில் மரம் வெட்டும் கம்பெனி வைத்திருக்கிறேன். மூன்று லோரி, பதினொரு ஆள், வாசலில் என் பெயர் போட்ட பலகை. எல்லாம் ஒரே ஒரு பழைய செயின்சாவில் தொடங்கியது. அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ரம்புத்தான் கிளை வெட்டியவன் நான். வசதி வந்த பிறகு அதற்கு ஓய்வு கொடுத்து, ஆபீசில் சாமி படங்களுக்குக் கீழே ஒரு பலகையில் வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் பூஜை உண்டு.

சம்பவம் நடந்தபோது எனக்கு வயது அறுபத்தொன்று. அறிவு வந்திருக்க வேண்டிய வயதுதான். அதற்கு முந்தைய மாதம் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கு எங்களை நிறுத்திவிட்டது. பெரிய வேலை கைவிட்டுப் போனது. புதிதாக ஒன்று கிடைக்காவிட்டால் நான்கு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வளாகம் ஒரு வருடத்துக்கு மரங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தது. வேறு இரண்டு கம்பெனிக்காரர்கள் வழவழவென்று கலர் படம் போட்ட புத்தகமே கொடுத்திருந்தார்கள். நான் கொடுத்தது ஒற்றைத் தாள்.

அந்த நேரத்தில் சனிக்கிழமை ராத்திரி புயல் மழை. காலை ஏழரைக்கு அந்த வளாகத்தின் செயலாளர் புஷ்பா போன் செய்தார். ஒரு பெரிய அங்சானா மரம் வாசலுக்குக் குறுக்கே விழுந்து கிடக்கிறது, ஒரு காடியும் பார்க்கிங்கை விட்டு வெளியே போக முடியவில்லை என்றார்.

"நேர்ல வந்து வேலையக் காட்டுங்க அங்கிள். கமிட்டி ஆளுங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. வேற எங்க போவாங்க, போக வழியே இல்ல."

என் தலைமை ஆள் குமார். பதினெட்டு வருடம் என்னோடு இருப்பவன். அன்று நல்ல செயின்சாக்கள் நான்கும் லோரியோடு செமினிக்கு வேலைக்குப் போயிருந்தன. லோரியைத் திருப்பிக் கூப்பிட்டால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும் என்று குமார் சொன்னான். நான் சாமி படங்களைப் பார்த்தேன். என்னை ஆளாக்கிய செயின்சா அங்கே உட்கார்ந்திருந்தது. முதல் வேலைக்கு வந்தது முக்கியமான வேலைக்கும் வரட்டும் என்று முடிவு செய்தேன்.

"அண்ணே, அது ஓடி ஆறு வருசம் ஆச்சு" என்றான் குமார்.

"நீ ஓடி எத்தன வருசம் ஆச்சு? உன்ன வச்சுக்கல?" என்றேன்.

காடியில் போகும்போது இன்னொன்றும் சொல்லிவைத்தேன். கமிட்டி முன்னால் அவன் வாயைத் திறக்கக் கூடாது. நான் கேட்காமல் யோசனை சொல்லக் கூடாது. முதலாளிக்கு ஆள் சொல்லிக்கொடுக்கிறான் என்று அவர்கள் நினைத்துவிட்டால் மரியாதை போய்விடும். குமார் சரி என்றான். பிரிக்ஃபீல்ட்ஸ் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ரோஷக்காரன்.

வளாகத்து வாசலில் திருவிழாக் கூட்டம். உள்ளே பன்னிரண்டு காடிகள் வரிசையாக நின்றன. முதல் காடிக்காரர்கள் ரவாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியவர்கள். அந்த வீட்டு அம்மா பட்டுப்புடவையோடு விழுந்த மரத்தின் மீதே உட்கார்ந்திருந்தார். முகூர்த்தம் பத்தரைக்கு. அப்போது மணி எட்டே முக்கால். நான் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. (மரம் வெட்டப் போகிறவன் போடும் உடையா என்று கேட்கிறீர்கள். நான் கையெழுத்துப் போடப் போனவன்.)

புதுப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றிக் கயிற்றை இழுத்தேன். பதினேழு தடவை. செயின்சா இருமக்கூட இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். நனைந்திருந்தது. லைட்டரால் சுட்டுக் காயவைத்து மாட்டினேன். மூன்றாவது இழுப்பில் உறுமிக்கொண்டு கிளம்பியது. கூட்டம் கைதட்டியது. நான் கமிட்டிப் பக்கம் திரும்பி, "பிளக்கு" என்றேன், ஒரே வார்த்தையில். பெரிய டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மூன்று நிமிடம் ஓடியது. ஒரு கிளை விழுந்தது. பிறகு சத்தம் மெலிந்து மெலிந்து நின்றுவிட்டது.

காதைத் தாழ்த்திக் கேட்டேன். (நின்றுபோன இன்ஜினில் என்ன கேட்கும் என்று இப்போது தோன்றுகிறது.) காற்று வடிகட்டியில் தூசு என்று தீர்ப்புச் சொன்னேன். அதைக் கழற்றித் தட்டினேன். பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்கியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். இழுத்தேன். கிளம்பியது. "ஃபில்டர்" என்றேன் கமிட்டியிடம். மூன்று நிமிடம். நின்றது.

அடுத்தது கார்புரேட்டர். அதன் திருகை அரைச் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம் திருப்பினேன். மறுபடி டாங்கியைத் திறந்து பார்த்து மூடினேன். ஓடியது. "கார்புரேட்டர்" என்று சொல்லி முடிப்பதற்குள் நின்றது. இப்படியே ஐந்து தடவை ஐந்து நோயைக் கண்டுபிடித்து ஐந்தையும் குணப்படுத்தினேன். இயந்திரம் மட்டும் பிழைக்கவில்லை.

கூட்டம் உதவிக்கு வந்தது. ஒருவர் சோக் இழுத்தீர்களா என்றார். ஒருவர் கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரன் செயின்சா பழுது பார்க்கும் படத்தைப் போட்டு என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். பட்டுப்புடவை அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "அங்கிள், நாங்க ஏறித் தாண்டி அந்தப் பக்கம் டாக்சி புடிச்சுப் போயிரலாமா? உங்களுக்குக் கோவமில்லன்னா" என்று கேட்டார். புஷ்பா மட்டும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நோட்டுத்தான் பயமாக இருந்தது. நான்கு குடும்பத்தின் சோறு அதில் எழுதப்படுகிறது என்று தெரிந்தது.

ஆறாவது தடவை நடுமரத்தில் வைத்து அழுத்தினேன். பாதி ஆழம் போனதும் நின்றது. மரம் வாயை மூடி செயின்சாவைக் கவ்விக்கொண்டது. ஒரு காலை மரத்தில் ஊன்றிப் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். வராது வராது என்றிருந்தது சட்டென்று வந்தது. நானும் அதுவுமாகப் பின்னால் போய் லோங்காங்கில் உட்கார்ந்தோம். மழைச் சாக்கடைத் தண்ணீர் இடுப்பு வரை. வெள்ளைக் கால்சட்டையின் கதை அங்கே முடிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பன்னிரண்டு காடிக்காரர்களும் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் குமாரைப் பார்த்து, "என்னடா செய்யலாம்?" என்று கேட்டேன்.

குமார் நிதானமாக மரத்தைச் சுற்றி வந்தான். "இப்ப பேசலாமா அண்ணே?"

"பேசுடா."

"நீங்க டாங்கியத் திறந்து மூடுறப்பல்லாம் ஓடுதுண்ணே. மூடிதான் கோளாறு. ரெண்டாவது தடவையே தெரிஞ்சுது. நீங்க கேக்கல."

அந்தப் பழைய மாடலில் பெட்ரோல் டாங்கியின் மூடியில் ஊசி முனையளவு ஒரு துளை உண்டு. டாங்கி மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் வருவது நின்றுவிடும். ஆறு வருட வெள்ளிக்கிழமைகளில் நான் அந்த மூடியின் மீதுதான் சந்தனம் வைத்து, அதற்கு மேல் குங்குமம் வைத்திருந்தேன். செயின்சாவுக்கு நெற்றி மாதிரி இருக்கிற இடம் அது ஒன்றுதான். நான் சில்லுச் சில்லாகக் காய்ந்த சந்தனத்தின் மேலேயே ஈரச் சந்தனம் வைத்து, துளையைச் சிமென்ட் போட்டது போல அடைத்திருந்தேன். என்னை ஆளாக்கிய இயந்திரத்தைப் பக்தியாலேயே மூச்சுத் திணற வைத்திருக்கிறேன்.

குமார் பட்டுப்புடவை அம்மாவிடம் ஓர் ஊக்கு கேட்டு வாங்கினான். குத்தினான், ஊதினான், மூடினான். இழுத்தான். அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. ஒன்பதே முக்காலுக்கு வழி திறந்தது. ரவாங் காடி முதலில் போனது. அந்த அம்மா கண்ணாடியை இறக்கிக் குமாருக்கு மட்டும் கை காட்டினார்.

நான் ஈரத்தோடு புஷ்பாவிடம் போய், மற்ற கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், அவர்களுக்கே கொடுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் நோட்டை மூடினார்.

"மத்தவங்க போனே எடுக்கல அங்கிள். உங்க ஆளு நல்லா வேலை செய்றாரு. வேலை உங்களுக்குத்தான். உங்களப் பத்தி மட்டும் ஒரு கண்டிசன் போடுவோம்."

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்தது. எனக்கு அந்த அளவு ஆங்கிலம் ஓடாது. சாப்பாட்டு மேசையில் மகள் லதா படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது விதிக்கு வந்ததும் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தாள். வளாகத்தில் இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் கம்பெனி முதலாளி அதிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி நிற்க வேண்டும்.

என் மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "கையெழுத்து போடுங்க. நல்ல விசயம் எழுதிருக்காங்க."

போட்டேன். நான்கு பேரும் இன்றும் என்னிடம்தான் இருக்கிறார்கள். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிறோம். ஒன்பதாவது விதியை எடுக்கச் சொல்லி நான் கேட்டதுமில்லை, அவர்கள் எடுத்ததுமில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் போட்ட சட்டம் கிள்ளானில் என் வீட்டிலும் அமலில் இருக்கிறது. மாவரைக்கும் இயந்திரம் நின்றாலும், தண்ணீர் பம்ப் நின்றாலும் யாராவது ஒருவர் "இருபது அடி" என்பார்கள்.

போன மாதம் லதாவின் குழந்தைக்குப் பெயர் வைத்தோம். விருந்தாளிகள் வந்து நிறைந்த நேரத்தில் குழந்தையை ஆட்டும் கரண்ட் தொட்டில் நின்றுவிட்டது. நான் ஸ்குரூ டிரைவரோடு எழுந்தேன். அறையிலிருந்த அத்தனை பேரும், சம்பந்தி வீட்டார் உட்பட, ஒரே குரலில் சொன்னார்கள். ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனேன். வாசலில் உட்கார்ந்திருந்த குமார் எழுந்து, ஒரு நாற்காலியை எடுத்து வாசல் கேட் பக்கம் கொண்டுபோய்ப் போட்டான். தொட்டிலிலிருந்து சரியாக இருபது அடி இருக்கும்.