பான்சோக் மொழிபெயர்த்த வசனம்

அந்தப் படத்தை இந்தக் கடலோர மேட்டில் எடுக்க விடுவதில்லை என்று பான்சோக் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்தார். பன்றி சூப் கடையின் நடுவில் நின்று அதை அறிவித்தும் விட்டார். கடை மனைவியுடையது. அறிவிப்பு மட்டும் அவருடையது.

"ஜப்பான்காரன் கையால வரைஞ்ச படம் அது. ஒவ்வொரு அலையையும் ஒருத்தன் உக்காந்து வரைஞ்சிருக்கான். அதைப் போய், ஆளுக்கு விக் மாட்டி, நிஜக் கடல்ல தள்ளிவிட்டு எடுத்தா அது படமா?"

மீன் கேக் கடை சாங்பே சூப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நிஜக் கடல்னா வரையற கூலி மிச்சம்ல அண்ணே."

"இந்தப் பொம்பளை டைரக்டர் இதோட மூணாவது அனிமேல கை வைக்குது. சியோல்ல உக்காந்து சொந்தமா ஒரு கதை எழுத முடியாதா? அடுத்தவன் வரைஞ்சதுக்கு ஆள் வச்சுத்தான் எடுக்கணுமா?"

"முதல் படத்துல என் பொண்ணு அழுதா அண்ணே."

"ரெண்டாவதுல ஊரே அழுதுது. டிக்கெட் எடுத்துட்டமேன்னு. உனக்கென்னடா தெரியும்? தொண்ணூத்தொண்ணுல என் வீடியோ கடையில எடுத்துட்டுப் போன டேப்பை இன்னும் திருப்பித் தரலை நீ."

"கடையே இப்ப இல்லையே அண்ணே."

"கடை இல்லேன்னா டேப் உன்னுதாயிடுமா?"

மால்சுன் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல். கடை போட்ட நாளிலிருந்து அந்தத் தண்ணீரும் நிற்கவில்லை, குரலும் நிற்கவில்லை.

"ஏங்க, படத்தை அப்புறமா நிறுத்திக்கலாம். வியாழக்கிழமை அவங்களுக்குப் பட பூஜை. நாளைக்கு பூப்யொங் சந்தைக்குப் போய் ஒரு பன்னித் தலை வாங்கிட்டு வாங்க. சிரிக்கிற மூஞ்சியாப் பாத்து வாங்குங்க."

"நம்ம எதுக்கு வாங்கிக் கொடுக்கணும்?"

"அறுபது பேருக்கு நாப்பது நாள் மதியச் சாப்பாடு நம்ம கடையில. நேத்தே ஒத்துக்கிட்டேன். தலையும் அதுல சேத்தி."

பான்சோக் உட்கார்ந்துவிட்டார். படப்பிடிப்பு சந்துக்குள் வருகிறது என்பது பழைய செய்தி. அது தன் அடுப்பங்கரைக்குள்ளேயே வரப்போகிறது என்பதுதான் புதிது.

கலையைக் காப்பாற்ற அவர் துடித்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருக்குப் பயம். அந்தப் பயத்தின் வயது, கல்யாணத்தைப் போலவே, முப்பத்தாறு.

அப்போது அவர் யொங்டோ பாலத்தடியில் வீடியோ டேப் கடை வைத்திருந்தார். ஜப்பான் படங்களுக்கு நாட்டில் தடை. படகுக்காரர்கள் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். பிரதிக்குப் பிரதி எடுத்து, படம் முழுக்க மழை பெய்கிற மாதிரி இருக்கும். அடியில் கொரிய எழுத்து கிடையாது. அப்படி ஒரு டேப்தான் 'விளக்கணையாத் தீவு'. கலங்கரை விளக்கைக் காக்கிற ஒரு பையன், படகேறிப் போய்விடுகிற ஒரு பெண். கடைசியில் படகுத்துறையில் நின்று அவன் ஒரே ஒரு வாக்கியம் சொல்வான். அதைக் கேட்டு ஜப்பானே அழுததாகப் படகுக்காரன் சொன்னான்.

மால்சுன் அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஜின்செங் என்கிற மருந்துவேர் விற்கிற ஒரு கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, இரண்டு ஸ்டூல் போட்டுப் படத்தை ஓட்டினார் பான்சோக். தனக்கு ஜப்பான் மொழி தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லியிருந்தார். அவருக்குத் தெரிந்தது இரண்டு வார்த்தை. ஒன்று நன்றி, இன்னொன்று பீர். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றே முக்கால் மணி நேரம் மொழிபெயர்த்தார். எந்த இடத்திலும் தடுமாறவில்லை. படத்தில் இல்லாத ஒரு மாமனையே கொண்டுவந்து, பாதியில் கொன்றும் விட்டார்.

கடைசிக் காட்சி வந்தது. பையன் வாயைத் திறந்தான். பான்சோக்கின் காது சிவந்தது.

"'உன் கையில ஒரு சொட்டுத் தண்ணி படவிடமாட்டேன்'னு சொல்றான்."

அந்த ஊரில் பெண் கேட்கிற எவனும் சொல்கிற வசனம்தான். எவ்வளவு நம்பலாம் என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். ஆனால் கடல் பின்னணியில், அழுகிற இசையோடு, ஜப்பான்காரன் சொன்னதாகக் கேட்டபோது அதற்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது.

"அப்படியா சொல்றான்?" என்றாள் மால்சுன்.

"வார்த்தைக்கு வார்த்தை. நானும் உங்கிட்ட அதையேதான் சொல்றேன்."

அந்த இலையுதிர் காலத்திலேயே கல்யாணம் ஆயிற்று. நாலு வருஷத்தில் எதிர்ப்பக்கம் பெரிதாக ஒரு டேப் கடை வந்து இவர் கடை படுத்தது. அந்த எதிர்க்கடைக்காரன் செத்துப் பதினெட்டு வருஷம் ஆகியும் பான்சோக் அவன் வீட்டுத் தெருவில் நடப்பதில்லை. மால்சுன் சூப் கடை போட்டாள். விடிகாலையில் குடல் கழுவுவாள். மதியம் கிண்ணம் கழுவுவாள். சாயங்காலம் தரை கழுவுவாள். பான்சோக் கல்லாவில் உட்கார்ந்து உலகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வார்.

தடை நீங்கி அந்தப் படம் கொரிய எழுத்தோடு தியேட்டருக்கு வந்தபோது அவருக்கு வயிற்றுவலி வந்து ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்தார். டிவியில் போட்டபோது வீட்டு ஃபியூஸ் போனது. மகள் போரா ஆசையாக வாங்கி அனுப்பிய டிஸ்க்கை அரிசி மூட்டைக்கு அடியில் வைத்து, மூட்டைமேல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். இப்போது அதே படத்தை, தன் சந்திலேயே, தன் பாஷையிலேயே, மைக் வைத்துச் சொல்லப்போகிறார்கள். இதற்கு எந்த ஃபியூஸைப் பிடுங்குவது?

அப்போதுதான் பன்றித் தலை யோசனை வந்தது.

பட பூஜைக்கு வைக்கிற பன்றித் தலை சிரிக்க வேண்டும். சிரித்தால் படம் ஓடும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் விளங்காது. ஒரு படத்தில் அப்படி ஒரு தலையைப் பார்த்துவிட்டுக் கேமராக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாராம். அது போதும் பான்சோக்குக்கு.

மறுநாள் சந்தையில் தலைக்காரியிடம் கேட்டார். "இதுல எது ரொம்பக் கடுகடுன்னு இருக்கு?"

"கடுகடுன்னா? எல்லாரும் சிரிக்கிறதுதான கேப்பாங்க."

"எனக்கு அழுவற மாதிரி வேணும்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மூலையிலிருந்து ஒன்றைத் தூக்கி வைத்தாள். வாயின் இரண்டு ஓரமும் தொங்கிக் கிடந்தது. புருவம் நெரிந்திருந்தது. உலகத்தில் யாரையும் மன்னிக்காத மூஞ்சி. பான்சோக்குக்கு அதைப் பார்த்ததும் ஒரு சொந்தம் உண்டாயிற்று.

"இதை மூணு நாளா யாரும் தொடலை. பாதி விலைக்கு எடுத்துக்குங்க. யாருக்கு? மாமியாருக்கா?"

"கலைக்கு," என்றார் பான்சோக்.

துணியில் சுற்றிக் கொண்டுவந்து அடுப்பங்கரையில் வைத்தார். மால்சுன் அவிழ்த்துப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் தலையைப் பார்த்தாள்.

"சிரிக்குதா இது?"

"உள்ளுக்குள்ள சிரிக்குது. போகப்போகத் தெரியும்."

"சரி," என்றாள். அவ்வளவுதான். மால்சுன் 'சரி' என்று மட்டும் சொன்னால் பயப்பட வேண்டும் என்று இந்த முப்பத்தாறு வருஷத்தில் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை சந்தின் மேல்முனையில், கடலைப் பார்த்து மேஜை போட்டார்கள். பழம், அரிசிக் கேக், அரிசிக் கள், நடுவில் வெள்ளைத் துணி மூடிய தலை. தொப்பி போட்ட அந்த டைரக்டர், ஹேவோன் என்று பேர், நாற்பது வயதிருக்கும், எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். பான்சோக் கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். கேமராக்காரர் எப்போது பெட்டியைக் கட்டுவார் என்று அவரையே கவனித்தார்.

துணியை எடுத்தார்கள்.

தலை சிரித்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை. கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா சிரிக்கிற சிரிப்பு. வாய் இரண்டு காதுக்கும் போயிருந்தது. கண்கூடச் சிரித்தது. அறுபது பேரும் கைதட்டினார்கள். கேமராக்காரர் முதல் ஆளாகப் போய் அதன் வாயில் காணிக்கைப் பணக் கவரைச் செருகினார்.

பான்சோக் மனைவியின் காதருகில் போனார். "வேற தலையா?"

"அதே தலைதான். வாயில குறுக்க ஒரு குச்சி வச்சு, ரெண்டு பக்கமும் நூல் கட்டி வேகவச்சேன்."

"அப்படியெல்லாம் செய்யலாமா?"

"முப்பத்தாறு வருஷமா உம்முனு இருக்கிற மூஞ்சியோட குடும்பம் நடத்தறேன். இதுக்கு மூணு மணி நேரந்தான் ஆச்சு."

அதற்குள் டைரக்டர் அவரை நோக்கி வந்தாள். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஐயாவைத்தான் தேடிட்டிருந்தேன். எங்களுக்கு முன்னாடி நீங்கதான் முதல்ல விழுந்து கும்பிடணும். இந்தப் படத்தோட உயிரே உங்க வசனம்தான்."

"என்ன வசனம்?"

"மூலப் படத்துல கடைசில அந்தப் பையன், 'விளக்குல எண்ணெய் தீந்துபோச்சு'ன்னு சொல்வான். ஜப்பான்ல அதுக்கு அழுவாங்க. நம்ம ஊர்ல எண்ணெய் வாங்கிட்டு வரச் சொல்வாங்க. ஒரு வருஷமா முழிச்சிட்டிருந்தேன். சாப்பாடு பேசறதுக்கு வந்தப்ப அம்மாதான் உங்க மொழிபெயர்ப்பைச் சொன்னாங்க. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. அதையே வச்சுட்டேன். டைட்டில்ல பேர்கூடப் போடறோம். 'கடைசி வசனம்: மால்சுன் அம்மாவின் கணவர்.'"

அறுபது பேரும் மறுபடி கைதட்டினார்கள். சாங்பே எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினான். பான்சோக் பாயில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார். எழ மனமில்லை. மூன்று முறை விழ வேண்டிய இடத்தில் ஐந்து முறை விழுந்தார். எழுந்தால் எல்லார் முகத்தையும் பார்க்க வேண்டும். விழுந்தால் பன்றி மட்டும்தான். ஆனால் அதுவும் சிரித்தது.

கடைக்குப் பின்பக்கம், கழுவுகிற தொட்டிக்கருகே மனைவி தனியாக இருந்தபோது போனார்.

"எண்ணெய்ன்னு அந்தம்மா சொல்லித்தான் உனக்குத் தெரிஞ்சுதா?"

"எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எந்த அன்னைக்கு?"

"ஷட்டரைப் பாதி இறக்கின அன்னைக்கு. ஜின்செங் கடையில வந்ததெல்லாம் ஜப்பான்காரங்கதான. நாலு வருஷம் அவங்ககிட்டப் பேசிப் பேசித்தான் வித்தேன். கடையில முக்காவாசி வியாபாரம் என்னோடது."

"பொட்டலம் கட்டறேன்னுதான சொன்ன?"

"கட்டவும் செஞ்சேன். மத்ததை நீங்க கேக்கவே இல்லையே."

பான்சோக் யோசித்துப் பார்த்தார். கேட்கவில்லைதான். அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. டேப்பைத் திருப்பித் தராதவன் பேர், தேதி, கிழமை எல்லாம் மனப்பாடமாக இருந்தது. கூடவே இருக்கிறவளுக்கு ஜப்பான் மொழி தெரியும் என்பது தெரியவில்லை.

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"அந்தச் செத்துப்போன மாமன் வரைக்கும் சிரிப்பை அடக்கிட்டிருந்தேன். கடைசில அந்த வசனத்தைச் சொன்னப்ப உங்க காது செவந்துபோச்சு. பொய் சொன்னா காது செவக்கிற ஆள், என்னைக்காவது சொன்னதைச் செஞ்சுடுவாருன்னு நினைச்சேன்."

அவள் தொட்டியிலிருந்து கையை எடுத்துத் துண்டில் துடைத்தாள். விரல் நுனிகள் வெளுத்து, வெடித்து, கோடு கோடாக இருந்தன. தினமும் அவர் கண்ணெதிரே கிண்ணம் நீட்டிய கைதான். அவருக்குக் காது சுட்டது. இப்போது பொய் எதுவும் சொல்லவில்லை, இருந்தும் சுட்டது.

"இத்தனை நாள் காத்திருந்தியா?"

"படம் ஒண்ணு எடுக்க வருவாங்கன்னு எதிர்பாக்கலை. வந்தாங்க. டைரக்டர்கிட்ட ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். வசனத்தை இனாமா எடுத்துக்குங்க, ஆனா படம் முடியறவரைக்கும் பாத்திரத்தை வசனம் எழுதினவரே கழுவுவாருன்னு. ஒப்பந்தத்துல எழுதிட்டாங்க. கையெழுத்துக்குப் பதிலா உங்க முத்திரையையும் நானே குத்திட்டேன்."

முன்கட்டுத் துணியை அவர் கழுத்தில் மாட்டி, பின்னால் போய் முடிச்சுப் போட்டாள். கையுறை கேட்டார். இத்தனை வருஷமாக அந்தக் கடையில் கையுறை வாங்கியதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் நாள் படப்பிடிப்பிலேயே கடைசிக் காட்சியை எடுத்தார்கள். சந்தின் முனையில் அந்த இளம் நடிகன் கடலைப் பார்த்து நின்று, "உன் கையில ஒரு சொட்டுத் தண்ணி படவிடமாட்டேன்" என்றான். டைரக்டருக்குத் திருப்தி இல்லை. மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னான். பதினேழு முறை சொன்னான். பத்தடி தள்ளி, தொட்டியில் முழங்கை வரை கையை விட்டு, அறுபது கிண்ணங்களுக்கு நடுவே குந்தியிருந்த பான்சோக் பதினேழு முறையும் கேட்டார். ஒவ்வொரு முறையும் காது சிவந்தது. தண்ணீர் ஐஸாக இருந்தது.

பதினெட்டாவது முறைக்கு முன்னால் எல்லாரும் அமைதியானார்கள். டைரக்டரின் பக்கத்து நாற்காலியில், காய்ந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மால்சுன் அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"ஏங்க, வசனம் கேக்க மாட்டேங்குதாம். சத்தம் போடாமக் கழுவுங்க."