பச்சையாய் இருந்த குற்றம்

மழைக்குப் பஞ்சமில்லாத ஒரு காட்டில் கூராயி என்ற முள்ளம்பன்றி சர்க்கரைவள்ளி பயிரிட்டுத் தன் குட்டிகளை வளர்த்துவந்தது. பக்கத்து நிலம் மாசிலான் என்ற நரியுடையது. அதில் கல்லும் கள்ளியும் தவிர வேறெதுவும் முளைத்ததில்லை. முளைக்கவைக்க நரி முயன்றதும் இல்லை.

அந்த வருஷம் காடெங்கும் தும்மல் நோய் பரவியது. சிங்கராஜா சந்தையை மூடி, எல்லோரையும் அவரவர் இருப்பிடத்திலேயே அடைந்துகிடக்கச் சொல்லிவிட்டார். கூராயிக்கோ அது கிழங்கு தோண்டும் பருவம். வாங்க ஆளில்லை, அழுகவிட மனசும் வரவில்லை. மூக்கில் தேக்கிலையைக் கட்டிக்கொண்டு, நோயில் கிடந்த மான்களின் புதர் வாசலில் தினமும் கிழங்குகளை உருட்டிவிட்டு வந்தது. மான்கள் பிழைத்துக்கொண்டன. கூராயியிடம் அடுத்த நடவுக்கு ஊன்றிய கொடிகள்தான் மிச்சம்.

நோய் தணிந்ததும், நஷ்டப்பட்ட பண்ணைகளுக்கெல்லாம் நிவாரணம் என்று ராஜா அறிவித்தார். ஆய்வு அதிகாரியான கொக்கு செல்போனும் கையுமாக வந்து, கூராயியின் வரப்பில் ஒற்றைக்காலில் நின்று படம் எடுத்தார்.

"பச்சைப் பசேல்னு இருக்கேம்மா. நஷ்டம் எங்கே?"

"இது இப்போ ஊன்றினதுங்க ஐயா. போன வெள்ளாமை பூராவும் மானுங்களுக்குச் சும்மாவே குடுத்துட்டேன்."

"சும்மா குடுத்தா அது தர்மம். தர்மம் நஷ்டத்துல சேராது. அழுகின கிழங்கு இருந்தா காட்டு."

"அழுகறதுக்குள்ள தின்னுட்டாங்களே!"

சாட்சி சொல்ல மான்கள் ஓடிவந்தன. "ஆமாங்கய்யா, அதைத் தின்னுதான் உசிரோட நிக்கிறோம்."

கொக்கின் முகம் மலர்ந்தது. "ஆக, சரக்கு முழுசும் போணியாயிருக்கு!" என்று குறித்துக்கொண்டார்.

அடுத்து நரியின் நிலத்துக்குப் போனார். "ஐயோ, ஒரு செடிகூட மிஞ்சலையே!" அவர் கண் கலங்கிவிட்டது.

"என்ன பண்றதுங்க, மனசைத் தேத்திக்கிட்டேன்" என்றது நரி, தலையைக் குனிந்துகொண்டு.

முழு நஷ்டம், முழு நிவாரணம். பொன்னாடையும் போர்த்தினார்கள்.

கூராயிக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அது குட்டிகள் பசியில் சிணுங்குவதைக் கேட்டபடி தன் தோட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தது. முதல் கொடியைப் பிடுங்கி, மனசு கேட்காமல் திரும்ப ஊன்றி, மறுபடி பிடுங்கியது. கடைசிக் கொடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறு ஆய்வு கேட்டு மனுவும் போட்டது.

கொக்கு வந்து மொட்டை நிலத்தைப் பார்த்து உச்சி குளிர்ந்தார். "இப்பத்தாம்மா நீ விவசாயி!"

நிவாரணம் வந்தது. சேதியும் பரவியது. தினை போட்ட அணில் தினையை உழுது புதைத்தது. வாழை வைத்திருந்த கரடி தோப்பையே சாய்த்தது. எல்லோருக்கும் தாராளமாகக் கிடைத்தது.

சந்தை திறந்த அன்று காடே மடி நிறையப் பணத்தோடு திரண்டு வந்தது. வாங்க வந்தவர்கள்தான் இருந்தார்கள். விற்க ஒருவரும் இல்லை. கடைகளில் தார்ப்பாய் மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, பசிக்குது" என்றது கூராயியின் மூத்த குட்டி.

கூராயி வேறு வழியில்லாமல் ஒரு புது நோட்டை எடுத்து அதன் வாயில் வைத்தது. குட்டி கொஞ்சநேரம் மென்று பார்த்தது.

"இது இன்னும் வேகலைம்மா" என்றது.

நீதி: விளைந்தால் பசி மட்டும்தான் தீரும், விளையாவிட்டால் அரசாங்கமே வீடு தேடி வரும். ஆகவே, விதைக்கும் முன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.