மச்சான் கோபுரத்தை நிறுத்தப் போன கதை

எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொன்னால் என் மனைவி லெட்சுமி விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆகவே ஒப்புக்கொள்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்பு என் மச்சான் குணா மீது எனக்கிருந்த வயிற்றெரிச்சலில் ஊருக்கே தோசை சுட்டிருக்கலாம்.

லாபிஸ் ஊருக்கு வெளியே மாமனார் விட்டுப்போன, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை நிலம் இரண்டு துண்டு. ஒன்று லெட்சுமி பெயரில், பக்கத்துத் துண்டு அவள் தம்பி குணா பெயரில். ஒரு கம்பெனி குணாவின் துண்டில் கைப்பேசிக் கோபுரம் கட்டி வாடகையும் கொடுத்தது. வாடகைகூடப் பரவாயில்லை. (பொய்.) ஆனால் கோயில் கூட்டத்துக்கு அவன் வந்தால், "டவர்காரரு வந்துட்டாரு, எடம் விடுங்க" என்று எழுந்து நிற்கிறார்கள். பன்னிரண்டு வருடம் கோயில் செயலாளராக மாடாய் உழைத்த எனக்கு ஒருவரும் ஒரு டீயைக்கூட நகர்த்தியதில்லை.

ஒருநாள் மோட்டார் சைக்கிளில் போகும்போது பார்க்கிறேன், மாமனார் நிலத்தில் மஞ்சள் தொப்பி போட்ட நாலு பேர் அளவெடுக்கிறார்கள். நடுவில் குணா கையை நீட்டி எதையோ காட்டுகிறான். விசாரித்தால், இரண்டாவது கோபுரமாம். ஒன்று போதாதா இவனுக்கு? வண்டியை நிறுத்தி அவனிடமே கேட்டிருக்கலாம். அவன் சிரித்துக்கொண்டே பதில் சொல்வானே, அதை யார் தாங்குவது?

அந்தச் சமயம் மாவட்ட மன்றத்தில் ஒரு விவாதம். கண்ட இடத்தில் கோபுரம் முளைக்கிறது, ஒழுங்கான விதிமுறை வரும்வரை புதிதாகக் கட்டுவதை நிறுத்திவைக்கலாம் என்றார்கள் சில உறுப்பினர்கள். லைன் கிடைக்காமல் ஜனங்கள் தவிக்கிறார்கள், நிறுத்தக்கூடாது என்றார்கள் மற்றவர்கள். முடிவெடுக்கும் முன் ஊர்க்காரர்களும் பேசலாம் என்று மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். எனக்காகவே வைத்த மாதிரி இருந்தது.

லெட்சுமியிடம் மூச்சுவிடவில்லை. அவள் தம்பிக்கு எதிராகப் போகிறேன் என்று தெரிந்தால் சோறு கிடைக்காது. மலாயில் பேச்சு எழுதி, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தேன்.

"உள்ள யாருகிட்ட சண்ட போடறீங்க?" என்றாள்.

"பல்லு வெளக்குறேன்."

கூட்டத்தன்று மண்டபத்தின் கடைசி வரிசையில் குணா. பக்கத்தில் பட்டுச்சேலையில் லெட்சுமி. தம்பிக்கு ஆதரவாக வந்துவிட்டாளே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்தேன். கோபுரம் வந்தால் குருவி வராது, பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது, என் வீட்டுக் கோழிகள் முட்டை போடுவதையே நிறுத்திவிட்டன என்றேன். (என்னிடம் கோழியே கிடையாது.) ஒரே குடும்பத்துக்கு இரண்டு கோபுரம் எதற்கு என்றும் கேட்டேன். லெட்சுமி உட்காரச் சொல்லிக் கையை ஆட்டினாள். தம்பிப் பாசம் என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பேசினேன்.

கைதட்டினார்கள். உறுப்பினர்கள் கை தூக்கி வாக்களித்தார்கள். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தற்காலிகத் தடை நிறைவேறியது. எங்கள் பகுதியில் நிறுத்திவைக்கப்படும் விண்ணப்பம் ஒன்றே ஒன்று என்று அதிகாரி வாசித்தார். விண்ணப்பதாரர் லெட்சுமி.

"அது வேற லெட்சுமியா இருக்கும்லா," என்றேன் பக்கத்தில் இருந்தவரிடம். அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

வெளியே குணா மெதுவாகச் சொன்னான். "எனக்கு ஒன்னு இருக்கு, அக்காவுக்கும் ஒன்னு இருக்கட்டும்னு நாந்தான் மாமா கம்பெனிக்காரங்கள கூட்டிட்டு வந்தேன். தீபாவளிக்கு உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தோம்."

"மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றேன் லெட்சுமியிடம்.

"சொன்னா கையெழுத்து ஆவறதுக்குள்ள கோயில் மைக்ல சொல்லிருப்பீங்க."

சொல்லித்தான் இருப்பேன். குணாவை எத்தனை நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன் என்று நினைத்ததும் அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சில மாதத்தில் தடை நீங்கியது. அதற்குள் கம்பெனி வேறொருவர் நிலத்துக்குப் போய்விட்டது.

போன மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் ஒரு கல்யாண மண்டபத்தின் பெயரைச் சொன்னார்கள். "எனக்கு ஒரு ஆட்சேபம்," என்று ஆரம்பித்தேன்.

"அப்பா, அது அம்மா பேர்ல இருக்கான்னு பாத்துட்டுப் பேசுங்க," என்றாள் மகள்.

சம்பந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பத்து பாகாட் என்ற தூரத்து ஊரில் இருக்கிற மனுஷன், அவருக்கும் யாரும் அந்தக் கோபுரக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.