கிழக்கே கடல்

என் அன்புத் தம்பிக்கு, அக்கா ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். சுகமில்லாமல் கிடப்பது என் பிழைப்பு ஒன்றுதான். அதற்குக் காரணம் நீ வாங்கி அனுப்பிய கீபோர்டு.

நான் கேட்டது வீட்டிலிருந்தே பத்திரம் டைப் அடிக்க ஒரு சாதாரணக் கறுப்புக் கீபோர்டு. நீயோ, பாதி விலையில் கிடைக்கிறதென்று, கம்ப்யூட்டரில் சுட்டு விளையாடுகிற பிள்ளைகளுக்கானதை அனுப்பிவிட்டாய். குறை சொல்லக்கூடாது, மணிக்கட்டைச் சாய்த்துக்கொள்ள முன்னால் மெத்தென்று ஒரு திண்டு இருக்கிறது, வயரைக் கயிறு மாதிரிப் பின்னியிருக்கிறான், காபி கொட்டினால் வழிந்தோட அடியில் ஓட்டைகூட இருக்கிறது (கொட்டிப் பார்த்தாயிற்று). வெளிச்சம்தான் வினை. பக்கத்து மாடிவீட்டுச் சுவர் என் அறை ஜன்னலை அடைத்ததிலிருந்து பகலிலேயே அரையிருட்டு என்று உனக்குத் தெரியுமே. அந்த இருட்டில், எழுத்துகளுக்கு அடியிலிருந்து ஊதா கிளம்பி, பச்சையாகி, நீலமாகி, வலது ஓரத்தில் மெல்லக் கரைகிறது. கரைந்தது எங்கே போயிற்று என்று பார்ப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. விரல் பாட்டுக்கு அடிக்கிறது, நான் எங்கேயோ இருக்கிறேன். இன்னொரு வகை வெளிச்சமும் உண்டு, மூச்சு விடுவதுபோல மங்கி மங்கி எரியும். அதோடு சேர்ந்து நானும் மூச்சு விட்டேன், நெற்றி அப்படியே கீபோர்டில் சாய்ந்துவிட்டது. எத்தனை பட்டனை ஒன்றாக அமுக்கினாலும் ஒன்றையும் விடாமல் வாங்கிக்கொள்ளும் என்று பெட்டியில் போட்டிருந்தான் பார், உண்மைதான்டா. ஒரு வாடகை ஒப்பந்தத்தில் பாதி என் நெற்றி எழுதியது.

அதையாவது அழிச்சுட்டேன். நேத்து என்ன ஆச்சுன்னா, ஒரு மனைக்குக் கிரயப் பத்திரம். நாலு எல்லையும் எழுதணும். வடக்கே தையல்காரர் வீடு, தெற்கே பொதுப்பாதை, மேற்கே மாவு மில் சுவர், எல்லாம் சரியாத்தான் அடிச்சேன். அப்ப நீலம் வந்துச்சு. கிழக்கே கடல்னு அடிச்சிருக்கேன்! அங்கே இருக்கறது லாரி ஷெட்டு. பத்திரம் எழுதற என் முதலாளி படிச்சுப் பாக்காமலே கொடுத்துட்டார். வாங்க வந்தவர், "கடலா? சொல்லவே இல்லையே!"ன்னு துள்றார். விக்கறவர், "கடல் இருந்தா இந்த விலைக்கு நான் ஏன்யா குடுக்கறேன்?"னு எழுந்துட்டார். முதலாளி போன்ல, "ஏம்மா, கடலை நீ எடுக்கறியா, இல்ல உன்னை நான் எடுத்துடட்டுமா?"ன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. இந்த வேலையும் போச்சுன்னா, இந்த அறையில சுவரைப் பாத்துட்டு உட்கார்ந்து நான் என்னடா செய்வேன்? உன் மாமா வேற, "அந்தப் பக்கம் எனக்கு ஒரு படகு எழுதிடேன்"ங்கறார்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வந்து இதை எடுத்துக்கொண்டு போ. நாலைந்து எழுத்து விழாவிட்டாலும் எனக்குப் பழையதே போதும். நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையுமில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது முதலாளியே வந்துவிட்டார், திருத்தத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க. கடலை அழித்து லாரி ஷெட்டைப் போட்டேன். அடுத்த பத்திரத்தை அவரே சொல்லச் சொல்ல அடித்தேன். "வடக்கே கிணறு, தெற்கே..." பேச்சு நின்றுவிட்டது. திரும்பினால் நீலம் அவர் மூக்குக்கண்ணாடியில் போய்க்கொண்டிருக்கிறது. "தெற்கே மலைன்னு போடும்மா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து உதறிக்கொண்டு நிமிர்ந்து, "இனிமே எல்லையை மட்டும் நான் கையால எழுதிக்கறேன், மிச்சத்தை நீ இதுலயே அடி" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை பிழைத்தது. வெளிச்சத்தை அணைக்கிற பட்டனை உன் மாமா கண்டுபிடித்துக் கொடுத்தார். அணைத்துப் பார்த்தேன். எதிரே அந்தச் சுவர்தான் இருந்தது. மறுபடி போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ வா, சாப்பிட்டுவிட்டுப் போ, கீபோர்டில் மட்டும் கை வைக்காதே.