சிவப்புக் கரு

நுணுக்குக்காட்டியின் பார்வைக் குழாயைத் தனுஷா கழற்றிப் பார்த்தபோது, உள்ளே இருந்த வில்லையில் சந்தனம் அப்பியிருந்தது. காய்ந்து வெடித்த சந்தனம். நடுவில் குங்குமம்.

"இதுக்குள்ள ஆரக்கா பொட்டு வச்சது?"

"நான்தான்," என்றார் இலட்சுமிப்பிள்ளை. ஆய்வுகூடத்தைக் கூட்டித் துடைப்பவர் அவர். முப்பது வருடமாக அதே வேலை. "வாணி விழாப் பூசைக்கு வருசா வருசம் வைக்கிறதுதானே. வெளியில வச்சாப் பிள்ளையள்ற கண்ணில ஒட்டும். அதான் கழட்டி உள்ளுக்க வைக்கிறனான்."

சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

தனுஷா மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்பது பத்து. பத்து மணிக்குக் கல்வி வலயத்திலிருந்து விஞ்ஞான ஆலோசகர் உதயரூபன் வருகிறார். தரம் பத்துப் பிள்ளைகளுக்கு அவள் உயிர்க்கலம் படிப்பிப்பதைப் பார்த்து அறிக்கை எழுதுவார். அறிக்கை நல்லதென்றால் அவளுக்கு ஆசிரியை நியமனம். இல்லையென்றால் திரும்பவும் பயிலுநர், திரும்பவும் கரடியனாற்றுப் பக்கம் அந்த அலுவலகம். அங்கே ஒரு வருடமாக அவள் கடித உறை ஒட்டினாள். விஞ்ஞானப் பட்டதாரி என்பதால் பசையை அளவாகப் பூசுவாள் என்று அங்கே பெயர் வாங்கியிருந்தாள்.

முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டையும் பஞ்சையும் எடுத்தாள்.

"அழிக்காதீங்க டீச்சர். பிழை அது. படிப்பு வராது."

"சந்தனம் இருந்தாக் கலம் வராதக்கா."

துடைத்தாள். வில்லை பளிச்சென்று ஆனது. இலட்சுமிப்பிள்ளை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வெங்காயத்தை வெட்டி, உட்தோலை உரித்து, கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி தண்ணீர் விட்டு வைத்தாள். பார்த்தாள். எல்லாம் கண்ணாடி போல வெளிறிக் கிடந்தது. சாயம் வேண்டும். அயடீன் போத்தலில் அயடீன் என்ற எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது.

திரும்பவும் முதலுதவிப் பெட்டி. புண்ணுக்குப் பூசும், அயடீன் கலந்த மஞ்சள் மருந்தில் ஒரு துளி விட்டாள். கூடிவிட்டது. தோல் பொரித்த வெங்காயம் போலக் கறுத்தது. இன்னொரு தோல் உரித்தாள், அது கிழிந்தது. மூன்றாவது தோலுக்கு மருந்தில் தண்ணீர் கலந்து விட்டாள்.

தெரிந்தது.

அடுக்கிய செங்கல் போல நீளமான கலங்கள். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய சுவர். சுவரோடு ஒட்டினாற்போல ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மங்கல் புள்ளி. அதுதான் கரு. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தை விட்டு வந்த பிறகு அவள் காணும் முதல் கலம். கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

அதிபர் கனகசிங்கம் எட்டிப் பார்த்தார். அவர் தமிழ் படித்தவர்.

"எல்லாம் சரியா டீச்சர்? சேர் பாலம் தாண்டிட்டாராம்." குனிந்து ஒரு கண்ணை மூடினார். முதலில் மூடியது குழாயில் வைத்த கண்ணை. பிறகு மாற்றினார். "இதென்ன, சிவப்பக் காணல்ல?"

"எந்தச் சிவப்பு சேர்?"

அவர் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய படம் தொங்கியது. பள்ளியின் பழைய மாணவன் ஒருவன் கீறி, மாகாணத்தில் முதலிடம் எடுத்த படம். பெயர் இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. மஞ்சள் கலம், நடுவில் உருண்டையாகச் சிவப்புக் கரு. வலயம் இப்போது எல்லாப் பள்ளிக்கும் அனுப்பும் பயிற்சித்தாளிலும் அதே படம்தான். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று யாரோ நிறம் தீட்டியதாகவே தனுஷா இதுவரை நினைத்திருந்தாள்.

"உண்மையான கலம் இப்பிடித்தான் சேர் இருக்கும்."

"உண்மையெல்லாம் பிறகு பாப்பம். வாறவர் படத்தப் பாத்திட்டுத்தான் வாறார்." அதிபர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார். அவள் கையை நீட்டுவதற்குள் வழுக்கியின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தார். மை உள்ளே ஓடியது. கலம், சுவர், கரு எல்லாம் ஒரே சிவப்பு.

"இப்ப சிவப்பு வந்திட்டுதானே," என்றார்.

பிள்ளைகள் வந்து வாங்குகளில் அமர்ந்தார்கள். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. தனுஷா கடைசித் தோலை உரித்தாள். தோல் நன்றாக வந்தது, முன்னையதை விடத் தெளிவாக.

உதயரூபன் பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேரே நுணுக்குக்காட்டியிடம் போனார். அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஏமாற்றம்.

"கரு எங்க தங்கச்சி?"

"ஓரத்தில கிடக்கு சேர்."

"ஓரத்திலயா?"

பின் வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். தனுஷாவின் குரல் இன்னும் இறங்கியது. "கலத்துக்கு நடுவில தண்ணி நிரம்பின பை மாதிரிப் பெரிய புன்வெற்றிடம் இருக்கு சேர். அது கருவச் சுவரோட தள்ளிப்போடும்."

"எனக்குப் படிப்பிக்காதீங்க. நான் இந்தக் கண்ணால பாத்த ஆள்." அவர் முன்வாங்கில் இருந்த பிள்ளையைக் கூப்பிட்டார். "பேரென்ன?"

"அஜந்தா."

"இதுக்குள்ள பாருங்க. என்ன தெரியுது?"

அஜந்தா பார்த்தாள். "நிறையக் கலம் சேர். எல்லாத்திலயும் ஓரமா ஒரு புள்ளி."

"சுவரில இருக்கிற படத்தில?"

"நடுவில. சிவப்பா."

"அப்ப எது சரி?"

அஜந்தா தனுஷாவைப் பார்த்தாள். பிறகு உதயரூபனின் கையில் இருந்த கோப்பைப் பார்த்தாள்.

"படம், சேர்."

"கெட்டிக்காரி," என்றார் உதயரூபன்.

அறிக்கையை அங்கேயே எழுதினார். மேசைக்கு மறுபக்கம் நின்ற தனுஷா தலைகீழாக வாசித்தாள். பாட அறிவு போதாது. உபகரணத்தைக் கையாளத் தெரியாது. நியமனத்துக்குச் சிபாரிசு இல்லை. கீழே கையொப்பம் போடச் சொன்னார். போட்டாள். போகும்போது அதிபரிடம், "அருமையான சாமான் சேர், பழுதாக்கிப்போட்டாங்க," என்று சொல்லிக்கொண்டு போனார்.

பிள்ளைகளும் போய்விட்டார்கள். தனுஷா வழுக்கியைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை கரடியனாறு பஸ் ஆறு மணிக்கு.

இலட்சுமிப்பிள்ளை உள்ளே வந்து, வெங்காயச் சருகுகளைக் கூட்டி அள்ளினார். சுவரில் இருந்த படத்தின் தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"அழிக்காதீங்க எண்டு நான் அப்பவே சொன்னன்தானே புள்ள," என்றார். "உதயரூபன் சேர் இஞ்ச பத்தாம் வகுப்புப் படிக்கக்குள்ள இந்தப் படத்தக் கீறினது உள்ளுக்க நான் வச்ச பொட்டப் பாத்துத்தானே."