வெந்நீருக்கு மூன்று நன்றிகள்

விருந்தினருக்கு வெந்நீர் கொடுப்பது விடுதியின் கடமை என்று உலகம் நெடுங்காலமாகத் தவறாக நம்பி வந்திருக்கிறது. அமெரிக்காவின் டுலூத் நகரில், ஏரிக்கரையில் புதிதாகத் திறந்த 'நிறைமனம்' விடுதி அந்தத் தவறைத் திருத்தியது.

ஹார்லன் எங்கெப்ரெட்சன் மான்டானாவிலிருந்து விடிய விடியக் கார் ஓட்டி, மனைவி லோர்னாவுடன் அங்கே வந்து இறங்கினார். மாலை ஐந்து மணிக்கு மகள் கிர்ஸ்டனுக்குக் கல்யாணம். கைபிடித்து அழைத்துப்போக வேண்டிய தகப்பனுக்கு இடுப்பு இரும்பாய் இறுகிக் கிடந்தது. வெந்நீரில் ஒரு குளியல் போட்டால் நிமிர்ந்து நடக்கலாம்.

குழாயைத் திறந்தார். பனிக்கட்டி உருகி வந்தது. சுவர் பேசியது:

"அன்புள்ள விருந்தினரே, வெந்நீர் பெறுவதற்கு முன், தாங்கள் நன்றி பாராட்டும் மூன்று விஷயங்களை மனம் திறந்து கூறவும்."

ஹார்லன் துண்டைச் சுற்றிக்கொண்டு வரவேற்பறைக்குப் போன் போட்டார்.

"தண்ணி சில்லுனு இருக்கும்மா."

"நீங்க இன்னும் நன்றி சொல்லலையே சார்."

"குளிச்சிட்டுச் சொல்றேனே."

"குளிச்சப்புறம் யாரும் சொல்றதில்ல சார். அதான் நிர்வாகம் முன்கூட்டியே வாங்கிக்குது."

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஹார்லன் வழிவழியாக வந்த நார்வேக்காரப் பண்ணைக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் மகிழ்ச்சியின் உச்சத்துக்குப் 'பரவாயில்லை' என்று பெயர். லோர்னாவைக் கட்டிக்கொண்ட அன்றும் அவர் அதைத்தான் சொன்னார்.

"மகளுக்குக் கல்யாணம். பரவாயில்லை" என்றார் சுவரிடம்.

"உணர்ச்சி போதவில்லை. மீண்டும் முயலவும்."

"காரு வழியில நிக்கல."

"உணர்ச்சி போதவில்லை."

"முப்பது வருஷமா நானும் இதைத்தான் சொல்றேன்!" என்றாள் லோர்னா வெளியிலிருந்து. "செவுத்துக்கு ஒரே நாள்ல தெரிஞ்சிடுச்சு!"

மணி நாலைத் தாண்டிவிட்டது. ஹார்லன் ஈரச் சுவரில் நெற்றியைச் சாய்த்தார்.

"அவ பொறந்தப்ப வெளியில பனிப்புயல். கையில வாங்கினேன், திருப்பிக் குடுக்க மனசே வரல. இன்னிக்கும் வரல."

சுவர் சற்று யோசித்தது.

"தங்கள் கூற்று வருத்தமாகப் பதிவு செய்யப்பட்டது. மகிழ்ச்சியான வேறொன்றைக் கூறவும்."

ஹார்லன் தொண்டையைச் செருமினார். "இந்த விடுதி மாதிரி சொர்க்கம் உலகத்திலேயே கிடையாது!"

"மூன்று நன்றிகளுக்கும் சேர்த்து ஏற்கப்பட்டது."

ஆவி பறக்க வெந்நீர் கொட்டியது.

அவர் மகளைக் கைபிடித்து நிமிர்ந்தே அழைத்துப்போனார். விடுதியிலேயே நடந்த விருந்தில் கிர்ஸ்டன் மேசை மேசையாக வந்தாள்.

"ஹோட்டல் நான் தேடிப் பிடிச்சது. எப்படி இருக்கு?"

"சொர்க்கம்" என்றார் ஹார்லன். "சொர்க்கம்" என்றாள் அங்கேயே தங்கியிருந்த அத்தை. தலையிலிருந்து இன்னும் பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த தம்பி வெர்லினும் அதையே சொன்னார். மணப்பெண்ணின் முகத்துக்கு நேரே குறை சொல்ல அவர்கள் என்ன நாகரிகம் தெரியாதவர்களா?

அப்போது விடுதியின் மேலாளர் கோப்பையுடன் எழுந்தார்.

"பெரியோர்களே! இன்று தங்கிய நீங்கள் ஒவ்வொருவரும் தங்கள் வாயாலேயே இதைச் சொர்க்கம் என்று உள்ளம் உருகிக் கூறியிருக்கிறீர்கள். தங்களின் ஏகோபித்த ஆதரவைக் கருத்தில் கொண்டு, நிர்வாகம் இன்றிரவு முதல் இத்திட்டத்தைக் கழிப்பறைக் கதவுகளுக்கும் விரிவுபடுத்துகிறது."

யாராவது ஒருவர் வாய் திறந்து உண்மையைச் சொன்னால் போதும். மகள் தகப்பனைப் பார்த்தாள். ஹார்லன் முதல் ஆளாகக் கைதட்டினார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

வெர்லின் குனிந்து ஹார்லனின் காதில் கிசுகிசுத்தார். "அண்ணே, எனக்கு இப்பவே வயிறு சரியில்ல."

"சிரிச்சுக்கிட்டே தட்டுடா" என்றார் ஹார்லன்.