ஏரிக்கரையில் இரண்டு பச்சைக் கூரைகள்

இல்லை அக்கா, கதவை உடைக்கவில்லை. அப்பா திறந்தார். இரண்டும் ஒன்றல்ல என்று அவரே உனக்குப் பொறுமையாக விளக்குவார். நேற்றுக் கடைவாசலில் போன் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ கேட்டது அதைத்தான்: "ஐயோ, உடைச்சிட்டீங்களா?" பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அப்புறம் வரவே இல்லை. ஆகவே கடிதம்.

இனி முறைப்படி.

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை எழுதிக்கொள்வது. நாங்கள் நால்வரும் நலம். நலம் என்றால், இதுவரை யாரும் எங்களைப் பிடிக்கவில்லை. நீயும் அத்தானும் அங்கே நலமாக இருப்பீர்கள். லீவு நாளிலும் உனக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி போட்டவர்களும் நலமாக இருக்கட்டும். அவர்கள் லீவு கொடுத்திருந்தால் வழி சொல்ல நீயே கூட வந்திருப்பாய். நான் இப்படிப் பயந்து சாக வேண்டியிருந்திருக்காது.

படித்ததும் கிழித்துவிடு. அப்பா கண்ணில் படக் கூடாது.

லீவுக்கு எங்களுக்காக நீ வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு எழுதிக் கொடுத்த வழி இது: ஏரிக்கரை ரோட்டின் கோடியில் பச்சைக் கூரை வீடு, முன்னால் படகு கட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தோம். பச்சைக் கூரை இருந்தது. படகு இல்லை. உன் உறையிலிருந்த சாவி முன்கதவுப் பூட்டுக்குள் போனது. திரும்பவில்லை. அப்பா அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"எவன்டா வெட்டினான் இதை? சாவியா, சீப்பா?"

"அண்ணே, வேற வீடா இருக்கப் போகுது" என்றார் சித்தப்பா.

"டேய், பூட்டைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

உனக்குத் தெரியும், கை நடுங்குகிறது என்று போன மாதம்தான் பூட்டுக் கடையை மூடினார். அதிலிருந்து நம் வீட்டில் யாரும் சாவி என்ற சொல்லைக்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மா, "அந்த இதை எடு" என்கிறாள். அன்று அவர் கம்பியை உள்ளே விட்டபோது கை நடுங்கவில்லை. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள், பார்க்காதது போல ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூட்டு விட்டுக்கொடுத்தது. அப்பா சிரித்தார். என் பயம் எல்லாம் அந்தச் சிரிப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஏனென்றால் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்காமல் அப்பா எந்தப் பூட்டையும் தொட்டதில்லை. சித்தப்பா சாவியைத் தொலைத்துவிட்டுத் தன் வீட்டு வாசலில் மழையில் நின்ற கதையை நீ மறந்திருக்க மாட்டாய். "உன் வீடுதான்னு என்ன அத்தாட்சி?" "பத்திரம் உள்ளே இருக்கு அண்ணே!" "அப்ப உன் பொண்டாட்டி வரட்டும்." சித்தி வரும்வரை அப்பா குடை பிடித்தார், பூட்டைத் தொடவில்லை. அப்படிப்பட்டவர் இந்தக் கதவைத் திறந்தது உன் பேச்சை நம்பி. மகள் எடுத்த வீடு, ஆகவே நம் வீடு.

உள்ளே போனோம். சுவர் முழுக்கப் போட்டோக்கள். எல்லோருக்கும் ஒரே மூக்கு. நான் போகிற இடமெல்லாம் அந்த மூக்குகள் என்னைப் பார்த்தன. "வாடகை வீட்ல இப்படி மாட்டுவாங்க, ஒரு களையா இருக்கட்டும்னு" என்றாள் அம்மா. குளியலறையில் துண்டு இன்னும் ஈரமாக இருந்தது. ஃப்ரிட்ஜில் கடித்து வைத்த பாதி ஆப்பிள். மேலே ஒரு மாத்திரை டப்பா, கிழமைக்கு ஒரு அறை போட்டது. வியாழன்வரை காலி, வெள்ளியிலிருந்து நிரம்பியிருந்தது. அக்கா, அந்த டப்பாவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ வெள்ளிக்கிழமை மாத்திரை சாப்பிடவில்லை. படகு இல்லை. ஏரி இருக்கிறது. அந்த ஆள் திரும்பி வந்தால் என்ன சொல்வது என்று ஒரு பயம். வராமலே போனால் என்ன அர்த்தம் என்று இன்னொரு பயம். முதல் பயத்தில் வாசலைப் பார்த்தேன், இரண்டாவதில் தண்ணீரைப் பார்த்தேன். மற்றவர்கள், "பாரு, எப்படி இயற்கையை ரசிக்கிறா" என்றார்கள்.

சித்தப்பாவுக்கும் சந்தேகம் வந்திருக்கிறது என்று அன்று சாயங்காலமே தெரிந்தது. இரண்டு கையிலும் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, தன் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"குளிருதா சித்தப்பா?"

"கைரேகைம்மா" என்று கிசுகிசுத்தார். "எங்கேயும் படக் கூடாது. நீயும் மாட்டிக்கோ."

இந்த ஜாக்கிரதைக்கெல்லாம் வேட்டு வைத்துக்கொண்டிருந்தாள் அம்மா. "உப்பைக் கொண்டுபோய் மேல் தட்டிலே வெப்பாளா ஒருத்தி?" என்று ஆரம்பித்தவள் அடுக்களை முழுவதையும் மாற்றி அடுக்கி, டப்பாக்களை உயரவாரியாக நிறுத்தி, திரைச்சீலைகளைத் துவைத்துக் காயப்போட்டு, அந்த வீட்டுக்காரி யாரோ அவளைப் பற்றி எங்களுக்குத் தெரிய வேண்டியது எல்லாவற்றையும் கரண்டிகளைப் பார்த்தே சொல்லி முடித்தாள். அப்பா இன்னும் மோசம். கை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் எண்ணெய்ப் புட்டியோடு அறை அறையாகப் போனார். ஜன்னல் கொண்டிகள், மேஜை டிராயர், பரண் கதவு. படுக்கையறையில் ஒரு அலமாரி பூட்டியிருந்தது. அதைச் "சிக்கியிருக்கு" என்று முடிவு செய்து, திறந்து, எண்ணெய் விட்டு, "இனிமே வெண்ணெய் மாதிரி வரும் பாரு" என்று எனக்குக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாட்சி சொல்ல நேர்ந்தால், நான் எதையும் பார்க்கவில்லை.

பாட்டு வேறு. அப்பா பாடுவார் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் பாடிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை உன்னைக் கூப்பிடக் கடைவரை நடந்தேன். லைன் அறுந்தபின் மரங்களுக்கு ஊடே குறுக்கு வழியாகத் திரும்பினேன். வளைவுக்கு அந்தப் பக்கம், மரங்கள் மறைத்த இடத்தில், இன்னொரு பச்சைக் கூரை. முன்னால் படகு. கட்டியிருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தேகமாக இருந்தவரை பயத்தோடு எப்படியோ குடித்தனம் நடத்திவிட்டேன். நிச்சயமான பிறகு அதற்கு உருவம் வந்துவிட்டது. அப்பா கடைசியாகத் திறந்த பூட்டு அடுத்தவர் பூட்டு. அவருக்குத் தெரிந்தால் பாட்டு நின்றுவிடும். கையும்.

எனவே பொய் சொன்னேன். உன் பெயரில்.

"அக்கா போன்ல சொன்னா. ரெண்டு வீடும் ஒரே ஓனராம். இங்கே குழாய் ரிப்பேர் பண்ண ஆள் வருதாம். நம்மளை அந்த வீட்டுக்கு மாறிக்கச் சொல்லிட்டாங்களாம்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "அவளே சொன்னாளா?"

"அவளேதான்."

"சரி, கட்டுங்க மூட்டையை."

இன்று காலை கிளம்பினோம். தடயம் இல்லாமல் கிளம்ப வேண்டும். ஆனால் அம்மா உண்டாக்கிய ஒழுங்கைக் கலைக்க எனக்குத் தெரியவில்லை. பழைய குளறுபடி எந்த வரிசையில் இருந்தது? உப்பை மட்டும் மேல் தட்டில் ஏற்றினேன். சித்தப்பா பாதி ஆப்பிளைத் தின்றுவிட்டிருந்தார். நான் ஒரு புது ஆப்பிளைக் கடித்து அதே இடத்தில் வைத்தேன். ஈரத் துண்டு காய்ந்திருந்தது, நனைத்துப் போட்டேன். யோசித்துப் பார்த்தால் நான் செய்ததிலேயே பைத்தியக்காரத்தனமானது அதுதான். அப்போது மிகவும் நியாயமாகப் பட்டது.

இந்த வீட்டுக் கதவிலும் உன் சாவி திரும்பவில்லை. "அதே சீப்பு" என்றார் அப்பா. திறந்தார். கை நடுங்கவில்லை. நான் அவர் பக்கத்திலேயே நின்றேன், வீட்டுக்காரி நிற்க வேண்டிய இடத்தில்.

இப்போது நிம்மதி. மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுவரில் ஆணி மட்டும், மூக்கு இல்லை. ஃப்ரிட்ஜ் காலி. வாடகை வீடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். சித்தப்பா சாக்ஸைக் காலுக்கு மாற்றிவிட்டார். அப்பா ஒரு ஜன்னலுக்கு எண்ணெய் விடுகிறார். அம்மாவை மட்டும் அடுக்களைப் பக்கம் விடாமல் பிடித்து வைத்திருக்கிறோம். சரியான வீட்டுக்கு வந்துவிட்டோம் அக்கா, இனிக் கவலைப்படாதே. வழியை மட்டும் அடுத்த தடவை கொஞ்சம் தெளிவாக எழுது.

அத்தானுக்கு என் அன்பு. அம்மா, அப்பா, சித்தப்பா மூவரின் ஆசியும் உனக்கு உண்டு. எதற்காக என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. பெரியவர்களைப் பயமில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கும்,

உன் தங்கை.

பின்குறிப்பு: மாடி ஜன்னலருகே நாற்காலி போட்டு ஏறினால் சிக்னல் வருகிறது. சித்தப்பா கண்டுபிடித்தார். உன் செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. நீ எழுதியதை உனக்கே எழுதுகிறேன், எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"அது பின்கதவு சாவிடி லூசு, முன்கதவுக்குப் போடாதீங்க."

"படகு ரிப்பேருக்குப் போயிருக்காம்."

"வெள்ளிக்கிழமை காலைலதான் ஓனர் வீட்டாளுங்க காலி பண்ணினாங்க. அவங்க தாத்தா மாத்திரை டப்பாவை மறந்துட்டாராம், எடுத்து வை. ஊர்ல வேற வாங்கிட்டாங்க."

"மரத்துக்கு அந்தாண்ட இன்னொரு பச்சைக் கூரை இருக்கு. அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க. அந்த வீட்டம்மா ஜட்ஜாம்."

ஆகவே மேலே 'தவறான வீடு' என்று நான் நினைத்த இடத்திலெல்லாம் 'சரியான வீடு' என்று படித்துக்கொள். 'சரியான வீடு' என்று எழுதிய இடத்தில் என்ன போடுவது என்று உனக்கே தெரியும். அப்பா அடுத்தவர் பூட்டைத் திறந்தார் என்று நான் பயந்தபோது அவர் திறக்கவில்லை. இப்போது திறந்திருக்கிறார். திறக்க வைத்தவள் நான்.

வாசலில் கார் நிற்கிறது. யாரோ படியேறுகிறார்கள். பூட்டுக்குள் சாவி உரசுகிறது. சித்தப்பா உள்தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கிறார். கீழே அப்பா கத்துகிறார்:

"அவ்ளோ வேகமாத் திருகாதீங்க! சாவி உள்ளேயே முறிஞ்சிடும்!"

ஒரு பெண் குரல், மிகவும் நிதானமாக: "யாருங்க உள்ளே?"

"வாடகைக்கு வந்திருக்கோம்மா. நீங்க யாரைப் பார்க்கணும்?"

"டீ போடட்டுமான்னு கேளுங்க" என்கிறாள் அம்மா.

இனி வருவது பிறகு எழுதியது. கீழே போனேன். அக்கா அப்படிச் சொல்லவே இல்லை, எல்லாம் நானாகச் சொன்ன பொய் என்று முதலில் அப்பாவிடம் சொன்னேன். அப்புறம் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தேன்.